மூன்றேகால் மீட்டர்

சனிக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு ஃபைல் மாற்றுகிற வேலை தொண்ணூற்றொரு சதவீதத்தில் வந்து நின்றது நின்றதுதான். இப்போது மணி மூன்றாகப் போகிறது, பிலோமினா இன்னும் அந்தப் பட்டனைத் தட்டவில்லை. ஒரே ஒரு பட்டன். காலையிலிருந்து நூற்று நாற்பது தடவையாவது தட்டியிருப்பாள். கை அது பாட்டுக்குத் தட்டும், கண் ஜன்னலைப் பார்க்கும், மனசு வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதா இல்லையா என்று உருட்டிக்கொண்டிருக்கும். திரையில் இருக்கிற கேள்வியும் பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. மரியன்துறை தோணித்துறை, கடல்மட்டம், இன்ன வருஷம் இன்ன தேதி, பதினோரு எண்கள் வரம்புக்கு வெளியே இருக்கின்றன, 'பதிவு இல்லை' என்று மாற்றிவிடலாமா, ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. மற்ற எட்டுத் துறைமுகத்துக்கும் இதே கேள்வி வந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டிக்கொண்டே தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்து டப்பாவையும் கழுவி வைத்துவிட்டாள். இங்கே வந்து கை நின்றது. தேதியைப் பார்க்காமல் இருந்திருந்தால் இதையும் தட்டியிருப்பாள், பார்த்துத் தொலைத்துவிட்டாள். சனிக்கிழமையும் அதுவுமாக ஆபீசுக்கு வந்து உட்காரச் சொல்லி யாராவது அழுதார்களா? யாரும் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இங்கே உட்கார்ந்து இதைப் பார்க்கலாம் என்று அவளாகத்தான் வந்தாள்.

வேலை என்னவென்றால், பழைய ஃபைலையெல்லாம் புது ஃபார்மட்டுக்கு மாற்றவேண்டும். இருபத்துநாலு வருஷத்துக் கடல், ஒன்பது இடம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு அளவு. பழைய ஃபைலைத் திறந்தால் வெறும் எண்கள்தான் இருக்கும், தலையும் கிடையாது வாலும் கிடையாது. இது மீட்டரா அடியா, எந்த ஊர், யார் அளந்தது என்று அந்த ஃபைலுக்கே தெரியாது, பிலோமினாவுக்குத்தான் தெரியும். அவள் தலையில் இருக்கிறது, அவள் மேஜை டிராயரில் ஒரு நோட்டில் இருக்கிறது. புது ஃபார்மட் அப்படி இல்லை. என்ன அளவு, எங்கே எடுத்தது, எந்தக் கருவி, அளவு இல்லாத இடத்தில் என்ன குறி, எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். முன்பின் தெரியாதவன் ஐம்பது வருஷம் கழித்துத் திறந்தாலும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும். மீட்டிங்கில் டைரக்டர் அதைத்தான் சந்தோஷமாகச் சொன்னார், இனிமேல் எதற்கும் பிலோமினா மேடத்தைத் தேடி ஓடவேண்டாம் என்று. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஏப்ரலில் ரிட்டயர் ஆகிறவளைத் தேடி ஓட முடியாதுதானே, நியாயமான பேச்சுதான். ஆனாலும் வீட்டுக்குப் போய் ராத்திரி சட்டி கழுவும்போது தேடி ஓடவேண்டாம், தேடி ஓடவேண்டாம் என்று அது காதிலேயே கிடந்தது. ஃபைலைத் திறக்கவாவது ஆள் தேடி வந்துகொண்டிருந்தது. இனி எதற்கு வரும்?

பதினோரு எண். அவள் திரும்பவும் எண்ணினாள், பதினொன்றுதான். மூன்று புள்ளி இரண்டு இரண்டு, அடுத்து மூன்று புள்ளி இரண்டு ஐந்து ஒன்பது, அதுவரை ஒழுங்காக ஏறிக்கொண்டு வருகிறது, புயல் அன்றைக்குத் தண்ணீர் ஏறத்தான் செய்யும். அதற்கு அடுத்தது மைனஸ் மூன்று புள்ளி இரண்டு ஆறு. ஐந்தே நிமிஷத்தில் கடல் ஆறரை மீட்டர் கீழே விழுந்துவிட்டதாம். கடல் என்ன கிணறா, யாராவது அடைப்பைப் பிடுங்கிவிட்டார்களா? சோதிக்கிற புரோகிராம் இதைப் பார்த்ததும் குப்பை என்று குறி போட்டு ஒதுக்கிவிட்டது, அது செய்தது சரிதான், அதற்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஐம்பத்தைந்து நிமிஷம் இப்படிக் குப்பை, பிறகு மறுபடி மூன்று புள்ளி இரண்டு நாலு, அங்கிருந்து மெல்ல இறக்கம். அப்போது பார்த்தவர்கள், கருவியில் ஈரம் போயிருக்கும் என்றார்கள், கரண்ட் போயிருக்கும் என்றார்கள். அவளும் அப்படியே நினைத்து அந்த இரண்டு நுனிகளையும் ஒரு வளைகோட்டால் இழுத்து இணைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உச்சம், மூன்று புள்ளி இரண்டு ஆறு. பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்தக் குப்பை எண்களை அன்றைக்கு அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. குறி நாலு என்று இருந்தது, நாலு என்றால் மோசம், மோசத்தை எவள் திறந்து பார்ப்பாள்? இன்றைக்கு மாற்றுகிற புரோகிராம் ஒவ்வொன்றாகத் திரையில் பரப்பிக் காட்டுகிறது. மைனஸ் மூன்று புள்ளி இரண்டு ஆறு, மைனஸ் மூன்று புள்ளி இரண்டு இரண்டு, மைனஸ் மூன்று புள்ளி ஒன்று ஆறு. குப்பைக்கு என்ன இவ்வளவு ஒழுங்கு? குப்பை என்றால் ஒன்று மேலே ஒன்று கீழே என்று சிதறிக் கிடக்கவேண்டாமா? இது வரிசையாக ஏறி, வரிசையாக இறங்குகிறது.

அதைப் பார்த்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அடிவயிற்றில் புரிந்தது, தலைக்கு ஏறத்தான் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அந்தப் பழைய ஃபார்மட் அவள் செய்தது. முப்பத்துமூன்று வயசு, புதுசாக வேலைக்கு வந்த சூடு, அப்போதெல்லாம் டிஸ்க்கில் இடம் என்பது தங்கம், ஒவ்வொரு எண்ணுக்கும் நாலு பைட் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று மேலே புலம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பைட்டில் அடக்கிக் காட்டுகிறேன் என்றாள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒரு அலகாக வைத்துக்கொண்டால் துல்லியமும் போகாது, இடமும் பாதியாகும். இரண்டு பைட்டில் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைக்கும்தான் எண்ணலாம், அதாவது மூன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் போனால்? பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் எல்லாம் ஒன்பதாக வந்து, அடுத்ததற்குத் திரும்பப் பூஜ்யமாகுமே அந்த மாதிரி. இங்கே பூஜ்யத்தோடு நிற்காது, மைனஸின் அடிமட்டத்துக்குப் போய் விழுந்து அங்கிருந்து ஏறும். அது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கமிட்டியில் ஒருவர் கேட்கவும் செய்தார், ஏம்மா மூன்றேகாலுக்கு மேல் தண்ணீர் வந்தால் என்ன செய்வாய் என்று. அவள் சிரித்தாள். சார், நான் கடற்கரையில் பிறந்தவள், எங்கள் கரையில் அவ்வளவு தண்ணீர் வராது என்றாள். கடற்கரைக்காரியே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? கைதட்டினார்கள். பாராட்டுக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள், கண்ணாடி போட்டு ஊருக்கு அனுப்பி வைத்தாள், அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் அண்ணன் ஆணி அடித்து மாட்டினான். அட கிறுக்குப் பெண்ணே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு எந்தக் கடலை அளக்கப்போனாய், சும்மா மில்லிமீட்டரிலேயே வைத்திருந்தால் முப்பத்திரண்டு மீட்டர் வரை தாங்கியிருக்குமே.

மரியன்துறைதான் அவளுடைய ஊர். அண்ணன் சூசைமிக்கேல் அங்கேதான் இருக்கிறான், இருக்கிறார். இப்போது அறுபத்துநாலு ஆகியிருக்கும். புயல் முடிந்த நாலாம் நாள் அவனிடமிருந்து போன் வந்தது. பிலோமி, தண்ணி மாதா கோவில் மூணாவது படிய நனைச்சிட்டு, தாசில்தாரு ஆள் வந்து அளந்துட்டுப் போயிருக்கான், உங்க ஆபீசுல என்னமோ மெசினு வச்சிருக்கியளாமே, அதுல என்ன இருக்கோ அதப் பாத்துத்தான் எழுதுவாவளாம், நீ கொஞ்சம் பாரு. மூன்றாம் படி நனைந்தால் குடியிருப்புக்குள் கடல் புகுந்ததாகக் கணக்கு. புகுந்திருந்தால் ஊரையே மேட்டுப்பக்கம் மாற்றிக் கொடுப்பார்கள், புகவில்லை என்றால் இருந்த இடத்திலேயே இருந்துகொள்ளவேண்டியதுதான். சர்வே ஆட்கள் கணக்கில் மூன்றாம் படி மூன்று புள்ளி மூன்று பூஜ்யம். ஃபைலில் உச்சம் மூன்று புள்ளி இரண்டு ஆறு. நாலு சென்டிமீட்டர், நாலே நாலு விரல் குறைவு. அவள் எவ்வளவு பதவிசாகச் சொன்னாள் தெரியுமா, படித்த பெண் படிக்காத ஊருக்குச் சொல்கிற பதவிசு: அண்ணே, பயத்துல பாக்கும்போது தண்ணி ஒசரமாத்தான் தெரியும், அலை தெறிச்சதா இருக்கும், மிஷினுக்குப் பயம் கிடையாதுண்ணே, ஃபைல் பொய் சொல்லாது. அப்பம் நாங்க பொய் சொல்லுதோமா என்று அண்ணன் கேட்டான். அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லாமல், நான் அப்படிச் சொல்லலியே என்றாள். போனை வைத்தவன்தான்.

ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. கடல் மட்டும் இருந்த இடத்தில் இருக்கவில்லை, வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதல் வரிசை வீடுகள் போயிற்று, இரண்டாம் வரிசை போயிற்று, ஒரு ஐப்பசியில் அண்ணன் வீட்டு அடுக்களைச் சுவர் உட்கார்ந்துவிட்டது. இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை, செயற்கைக்கோள் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறந்த வீட்டின் அடுக்களை இடிந்ததைப் படத்தில் பெரிதுபண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பெண் இந்த உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அம்மா இறந்ததற்குப் போனாள். அண்ணன் வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் வாங்க என்றான், அவளைப் பார்த்ததும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் மனைவி, மைனிதான் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. பெண்டுகள் ஒப்பாரிக்குக் கைகோத்து உட்கார்ந்தபோது அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கோக்க ஆளில்லாமல் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று ராத்திரி பஸ்ஸில் திரும்பி வரும்போதுகூட அவளுக்குத் தோன்றவில்லை, ஒருவேளை ஃபைல் தப்பாக இருக்குமோ என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நன்றி கெட்ட ஊர், உண்மையைச் சொன்னால் ஆகாது, போகட்டும் என்றுதான் நினைத்தாள். நினைத்து நினைத்தே பதினெட்டு வருஷத்தை ஓட்டினாள். கல்யாணத்துக்கு அலைய அண்ணனைத் தவிர யாரும் இல்லை, அண்ணன் ஒதுங்கிக்கொண்டதும் அந்தப் பேச்சும் நின்றது. கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கிப் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கெல்லாம் கொடுப்பாள், மிச்சம் ஒரு வாரம் அவளே தின்பாள்.

சரி, கூட்டிப் பார். கூட்டினால் என்ன, கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது. சுற்றி விழுந்த எண்ணோடு அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறைக் கூட்டினால் பழைய எண் எழுந்து நிற்கும், இது பிள்ளை விளையாட்டு. கால்குலேட்டர்கூட வேண்டாம், ஆனால் கால்குலேட்டரை எடுத்தாள், அதையும் இரண்டு தடவை தட்டினாள். மூன்று புள்ளி இரண்டு ஒன்பது. மூன்று புள்ளி மூன்று மூன்று. மூன்று புள்ளி மூன்று ஒன்பது. நடுவில் இருக்கிறது மூன்று புள்ளி நாலு ஐந்து. பிறகு இறக்கம், மூன்று நாலு, மூன்று மூன்று ஐந்து, கடைசியில் மூன்று இரண்டு எட்டு, அங்கிருந்து நல்ல எண்ணான மூன்று இரண்டு நாலோடு தையல் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் பேப்பரில் புள்ளி வைத்துப் பார்த்தாள். அழகான மேடு. ஆனால் மூன்று நாலு ஐந்து என்றால் மூன்றாம் படிக்கு மேலே பதினைந்து சென்டிமீட்டர் ஆகிவிடுகிறதே? ஒரு படியின் உயரம் அது. அண்ணன் மூன்றாம் படி என்றுதானே சொன்னான், ஊரே மூன்றாம் படி என்றுதானே மனு எழுதிக் கையெழுத்துப் போட்டது? கண்ணால் பார்த்தவர்களே மூன்று என்கிறபோது எண் நாலு என்கிறது. அப்படியானால் எண்தான் தப்போ? கருவியில் தண்ணீர் புகுந்து உளறியதே தற்செயலாக ஒரு மேடு மாதிரி விழுந்திருக்குமோ? அவளுக்குச் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சீ, என்ன மனசு இது. உனக்கு உன் ஃபைல் குப்பையாக இருக்கவேண்டும், அவ்வளவுதானே? குப்பை என்றால் ஒன்றைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"இன்னா மேடம், இன்னும் கெளம்பலியா?" வாட்ச்மேன் முனிரத்தினம் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார். "லிஃப்ட்ட அஞ்சு மணிக்கு ஆஃப் பண்ணிடுவேன், அப்பால நீங்கதான் ஆறு மாடி இறங்கணும், சொல்லிட்டேன்."

"இதோ முடிஞ்சிரும் முனிரத்தினம். ஒரே ஒரு பட்டன்தான்."

"பட்டன்தான, தட்டிட்டு வாங்கோ. சனிக்கெழமை ஊட்ல ஆள் தேடமாட்டாங்களா?"

அவர் பாவம் சும்மா கேட்டுவிட்டுப் போய்விட்டார். தேடமாட்டார்கள் முனிரத்தினம், என்றாள் மனசுக்குள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, குளிர் முட்டியில் இறங்கியது. தட்டிவிட்டால் என்ன ஆகும்? இந்தப் பதினொன்றும் 'பதிவு இல்லை' என்று ஆகும். மாற்றம் முடிந்த கையோடு பழைய டிஸ்க்கை அழித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கப்புறம் எந்தக் கொம்பன் வந்து தேடினாலும் கிடைக்காது. திங்கட்கிழமை காலையில் கடற்சுவர் கட்டுகிறவர்கள் வருகிறார்கள், மரியன்துறைக்கு ஒருவழியாக இப்போதுதான் சுவர் வருகிறது. இதுவரை வந்த உச்சத் தண்ணீர் எவ்வளவு என்று புது ஃபைலைக் கேட்பார்கள், அது மூன்று இரண்டு ஆறு என்று வாய் கூசாமல் சொல்லும், அதற்கு மேலே இத்தனை என்று வைத்துச் சுவரை எழுப்புவார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் அண்ணன் படுத்துத் தூங்குவான். தட்டாவிட்டால் என்ன ஆகும்? புது ஃபார்மட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஃபைலில் எவர் கை வைத்தாலும் தேதி போட்டு, பேர் போட்டு, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று ஒரு வரி எழுதியே ஆகவேண்டும். அந்த வரியை அழிக்க முடியாது, அடுத்தவர் அதற்குக் கீழேதான் எழுதலாம், ஃபைல் போகிற இடமெல்லாம் அது கூடவே போகும். அவள் எழுதவேண்டியது இதுதான்: வடிவத்தை அமைத்ததில் பிழை, அமைத்தவர் பிலோமினா. ஏப்ரலில் மாலை போட்டு அனுப்புகிறவர்கள் படிப்பார்கள். பதினெட்டு வருஷமாக இந்த ஃபைலை வைத்து ஆராய்ச்சி எழுதினவர்கள் எல்லாம் படிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, திட்டிவிட்டுப் போகட்டும். நிஜமாகவே குப்பையாக இருந்து, நல்ல எண் என்று எழுதிவைத்துவிட்டால்? ஒரு தடவை பொய்யை உண்மை என்று சத்தியம் பண்ணினவள் இரண்டாம் தடவையும் பண்ணுவதா? எண்ணை வைத்து எண்ணைச் சரிபார்க்க முடியாது. பார்த்தவர்கள் யாராவது சொல்லவேண்டும். பார்த்தவர்கள் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியும், மூன்று மணியிலிருந்தே தெரியும், அதைச் சுற்றித்தான் மனசு இந்தக் கிறுகிறுப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்பரை மாற்றியிருப்பானா? எடுப்பானா? எடுத்து, குரலைக் கேட்டதும் வைத்துவிட்டால்? பயமாக இருந்தது. மேலதிகாரி யாரிடமும் இப்படிப் பயந்ததில்லை. கேட்டால் எண்ணைச் சொல்லிக் கேட்கக்கூடாது, சாட்சிக்குப் பதிலை எடுத்துக்கொடுக்கக்கூடாது, அது ஒரு முறை, அதையும் நினைத்துக்கொண்டாள்.

நாலரை மணிக்கு டயல் பண்ணினாள். மைனிதான் எடுத்தாள். யாரு என்றாள்.

"மைனி, நான் பிலோமி."

அந்தப் பக்கம் கடல்காற்று கேட்டது. அப்புறம், "அவுக வலை பாத்துட்டு இருக்காவ. இரு," என்று ஒரு குரல், அதில் கோபமும் இல்லை பிரியமும் இல்லை. போன் கைமாறுகிற சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம். அந்தச் செருமலைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அப்பாவுடைய செருமல் அப்படியே வந்திருந்தது.

"என்ன."

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. அன்னைக்குப் புயல்ல, கோவில்ல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?"

"பதினெட்டு வருசம் கழிச்சு இதக் கேக்கவா போன் போட்ட?"

"சொல்லுண்ணே."

"அதான் அன்னைக்கே சொன்னம்லா. மூணு."

மூன்றுதான். அப்படியானால் குப்பைதான். போனை வைத்துவிடலாம், ஒன்றைத் தட்டிவிடலாம், லிஃப்ட் இருக்கும்போதே இறங்கிவிடலாம். ஆனால் வாய் கேட்டுவிட்டது, "நெசமாவே மூணாண்ணே? அம்மா மேல ஆணையா?"

அண்ணன் வலையைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"நாலு. நாலாம்படி நல்லா நனைஞ்சுது. நான் மேல நின்னு மெழுகுவத்தியெல்லாம் எடுத்து ஒசக்க வச்சேன். நாலுன்னு சொன்னா கூட்டிச் சொல்லுதோம்னு நெனப்பாவ, நம்பமாட்டாவ, மூணுன்னு கொறச்சு எழுதுங்க, மூணு போதும்னு சாமியாருதான் சொன்னாரு. ஊரே கூடிக் கொறச்சுச் சொன்னோம். அதையே நீ நம்பல."

திரையில் பதினோரு எண்ணும் அப்படியே நின்றன.

"என் தப்புண்ணே," என்றாள். "மிஷின் சரியாத்தான் அளந்திருக்கு. நாலாம்படின்னுதான் அளந்திருக்கு. நான் அத வைக்கப் பண்ணின பெட்டிதான் சின்னது. மூணேகாலுக்கு மேல கொள்ளல. வழிஞ்சத நான் குப்பைன்னு தள்ளிட்டேன். நீங்க யாரும் பொய் சொல்லல, நான்தான் சொன்னேன்."

"இப்பம் என்னத்துக்குச் சொல்லுத?"

"திங்கக்கிழம சுவருக்கு அளவு கேட்டு வாராவ."

"அப்பம் சுவருக்குத்தான் கூப்பிட்ட."

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. பதினெட்டு வருஷமாக உன் குரலுக்குத்தான் ஏங்கிக்கிடக்கிறேன் என்று சொல்ல வந்தது. இவ்வளவையும் செய்துவிட்டு அதை எந்த முகத்தோடு சொல்வது? அவள் அழுதாள், போனில் கேட்கும்படியே அழுதாள். அண்ணன் அழாதே என்று சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை. தூரத்தில் மைனி யாரையோ கோழியை விரட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஃபைலு எத்தன வருசம் கெடக்கும்?" என்றான் கடைசியில்.

"நாமெல்லாம் போன பொறவும் கெடக்கும்ணே."

"அப்பம் இந்தத் தடவ கொறைக்காம எழுது," என்று சொல்லிவிட்டு வைத்தான். நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை, ஊருக்கு வா என்று சொல்லவில்லை. பிலோமினா முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டைத் தட்டி, பதினோரு எண்ணையும் கூட்டித் திருத்தி, உச்சத்தை மூன்று புள்ளி நாலு ஐந்து என்று போட்டாள். காரணம் என்ன, சரிபார்த்தவர் யார் என்று புரோகிராம் கேட்டது. காரணம் என்ற இடத்தில் பிழை தன்னுடையது என்று முழுப் பெயரோடு எழுதினாள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் சூசைமிக்கேல், மரியன்துறை என்று எழுதி, உறவு எதுவும் போடாமல் விட்டாள்.